எஞ்சின் இல்லாத விமானம், கணக்கில் இல்லாத உயிர்

பட்டாளத்துப் பயிற்சியில் ஒரு சிப்பாய் மாண்டால் ஜோசியன் அதை விதி என்கிறான். சர்க்கார் எதிர்பாராத விபத்து என்கிறது. பெரிய பத்திரிகைகள் வீர மரணம் என்று கொட்டை எழுத்தில் போடுகின்றன. மூவரும் செய்கிற காரியம் ஒன்றுதான். அவன் ஏன் மாண்டான் என்ற கேள்வியைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள்.

அந்தக் கேள்வியைத் தோண்டியெடுத்துக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். மில் முதலாளியின் மகன் சிப்பாய் வேலைக்குப் போவதில்லை. நூறு ஏக்கர் மிராசுதாரின் மகனும் போவதில்லை. கான்சாபுரத்திலும் வத்திராயிருப்பிலும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் சுற்றுப்பட்டிகளிலும், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் விடியுமுன் எழுந்து ரோட்டில் ஓடிப் பழகுகிறவன் யார்? நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாயின் பிள்ளை. ஸ்பின்னிங் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிற தகப்பனின் பிள்ளை. ஆகவே பயிற்சியில் நேரும் சாவு நம் வீட்டு விஷயம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய கணக்கைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இரண்டாம் உலக யுத்தத்தில் கிளைடர் என்ற எஞ்சின் இல்லாத விமானத்தில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஏற்றி அனுப்பினார்கள். அதைப் பற்றிச் சாகசக் கதைகள் இன்றும் எழுதப்படுகின்றன. கதையில் தளபதிகளின் படம் உண்டு, பதக்கம் உண்டு. யார் லாபம் பார்த்தான், யார் விலை கொடுத்தான் என்ற வரவு செலவு மட்டும் கிடையாது. அதை நாம் எழுதுவோம்.

துணியும் கட்டையும்

கிளைடரை டக்கோட்டா போன்ற ஒரு விமானம் நீண்ட நைலான் கயிற்றால் கட்டி இழுத்துப் போகும். குறித்த இடம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுவார்கள். அதன் பிறகு கீழே இறங்குவது ஒன்றுதான் வழி. இடம் சரியில்லை என்றால் மறுபடி மேலே எழும்ப முடியாது. ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிதானமாக இறங்குவோம் என்பதற்கும் இடமில்லை. இருட்டில் எதிரே மரம் இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் அதுதான் கதி.

அமெரிக்கர்கள் அதிகமாகச் செய்த கிளைடரின் பெயர் வாக்கோ. இரும்புக் குழாயால் எலும்புக்கூடு, ஒட்டுப்பலகையால் தரை, மரத்தால் இறக்கை, எல்லாவற்றுக்கும் மேலே பூச்சுப் பூசிய துணி. சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணி நெய்கிற தோழனுக்குச் சொன்னால் திகைத்துப் போவான். பீரங்கிக் குண்டுக்கும் சிப்பாயின் உடம்புக்கும் நடுவே இருந்தது வெறும் துணி! இரண்டு விமானிகளோடு பதின்மூன்று சிப்பாய்கள் அதற்குள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சிப்பாய்களுக்குப் பாராசூட் கிடையாது.

இதைச் சும்மா ஓட்டிவிட முடியாது. கயிறு தளராமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இழுக்கும் விமானத்தின் பின்னால் நேராக வரப் பழக வேண்டும். இரவில் பழக வேண்டும், பாரத்தோடு பழக வேண்டும். அதற்கு நாள் வேண்டும். பெட்ரோல் வேண்டும். நல்ல உதிரிப் பாகம் வேண்டும். நாளைக் குறைத்தால், பாகத்தில் கை வைத்தால், மிச்சமாகிற காசு மேலே இருக்கிறவனுக்கு. விழுகிற பிணம் கீழே இருக்கிறவன் வீட்டுக்கு. கிளைடர் யுத்தத்தின் சரித்திரம் முழுவதும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்.

லாலாகாட்டில் ஏழு பேர்

முதலில் நம் நாட்டு மண்ணில் நடந்ததைப் பார்ப்போம்.

அசாமில் கச்சார் சமவெளியில், சில்சாருக்குத் தெற்கே, லாலாகாட் என்று ஓர் இடம். 1944 தொடக்கத்தில் அங்கே அமெரிக்க விமானப் படையின் முதலாவது ஏர் கமாண்டோ குழு முகாமிட்டிருந்தது. கர்னல் பிலிப் கோக்ரன் அதன் தலைவர். ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பர்மாவுக்குள், எதிரியின் முதுகுக்குப் பின்னால், ஜெனரல் விங்கேட்டின் சிந்தித் துருப்புகளைக் கிளைடரில் கொண்டுபோய் இறக்குவது திட்டம்.

இழுக்கும் விமானங்கள் போதவில்லை. எனவே ஒரு விமானத்தின் பின்னால் இரண்டு கிளைடர்களைக் கட்டினார்கள். இதற்கு இரட்டை இழுவை என்று பெயர். ஒரு வண்டி மாட்டின் பின்னால் இரண்டு வண்டியைக் கட்டினால் என்ன ஆகும் என்று கான்சாபுரத்து வண்டிக்காரத் தோழனைக் கேட்டால் போதும், சொல்லிவிடுவான். ஆகாயத்தில் அதைவிட மோசம். பின்னால் வருகிற இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் அபாயம் எந்நேரமும் உண்டு.

அதுதான் நடந்தது. 1944 பிப்ரவரி 15-ம் தேதி இரவுப் பயிற்சியில் கிளைடர்கள் மோதி விழுந்தன. நான்கு பிரிட்டிஷ் சிப்பாய்களும் மூன்று அமெரிக்கர்களுமாக ஏழு பேர் மாண்டார்கள். எதிரியின் தோட்டா ஒன்றுகூட அவர்கள் மேல் பாயவில்லை. ஜப்பான்காரன் முகத்தை அவர்கள் அந்த இரவில் பார்க்கவில்லை.

அதன் பிறகு பிரிட்டிஷ் தரப்பு அதிகாரி ஒருவர் அமெரிக்கர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். நீங்கள் கூப்பிட்டால் எந்த இடத்துக்கும் எந்த நேரத்திலும் வருவோம் என்பது அதன் சாரம். சாவின் நடுவிலும் சிப்பாய்கள் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்பதை நாம் மதிக்கிறோம். அது உழைப்பாளிக்கு உழைப்பாளி காட்டும் விசுவாசம். ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள்! அந்தச் சொற்கள் அமெரிக்க விமானக் கமாண்டோக்களின் குலமுழக்கமாகிவிட்டன. சின்னங்களில் ஏறின, மேடைகளில் முழங்கின. முழக்கம் எல்லாருக்கும் தெரியும். அந்த முழக்கத்துக்குக் காரணமாக மாண்ட ஏழு பேரை எத்தனை பேருக்குத் தெரியும்? பிணத்தை மூடிய துணியையே கொடியாக்கிப் பறக்கவிடுவது ஆளும் வர்க்கத்துக்குக் கைவந்த கலை.

பத்தொன்பதே நாளில்

ஏழு உயிர் போன பிறகு என்ன செய்திருக்க வேண்டும்? இரட்டை இழுவையை நிறுத்தியிருக்க வேண்டும். கூடுதல் விமானம் கேட்டிருக்க வேண்டும். பயிற்சி நாளைக் கூட்டியிருக்க வேண்டும்.

பத்தொன்பது நாள் கழிந்தது. மார்ச் 5-ம் தேதி இரவு லாலாகாட்டிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் புறப்பட்டன. மறுபடியும் இரட்டை இழுவைதான்! பயிற்சியிலாவது கீழே சமவெளி இருந்தது. இந்த முறை எதிரே ஏழாயிரம், எட்டாயிரம் அடி உயர மலைகள். கிளைடர்களில் அளவுக்கு மீறிய பாரம். மலை தாண்ட ஏறும்போதே கயிறுகள் பட்டுப்பட்டென்று அறுந்தன. சில இந்திய எல்லைக்குள்ளேயே விழுந்தன. சில எதிரியின் பிரதேசத்தில் விழுந்தன. "பிராட்வே" என்று பெயர் சூட்டப்பட்டிருந்த காட்டு வெளிக்குப் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழப் பாதிதான்.

போய்ச் சேர்ந்தவர்கள் கதி? ஆகாயத்திலிருந்து படம் பிடித்துப் பார்த்தபோது பிராட்வே பச்சைப் பசேலென்ற சமவெளியாகத் தெரிந்தது. புல்லுக்கு அடியில் ஆழமான பள்ளங்கள் இருந்தன. தேக்கு மரங்களை வெட்டி இழுத்துப்போன தடங்கள் அவை. கிளைடர்கள் அதில் மோதிச் சக்கரம் பிய்ந்து கிடந்தன. பின்னால் வந்தவை அவற்றின் மேலேயே வந்து விழுந்தன. முன்னே விழுந்ததைத் தள்ளி வைக்க நேரமில்லை. வருகிறதை நிறுத்தவும் வழியில்லை, எஞ்சின் இல்லாத வண்டியாயிற்றே! அந்த ஒரே இரவில் பிராட்வேயில் ஏறத்தாழ முப்பது பேர் மாண்டார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள் தோழர்களே. பர்மாத் தேக்கு வியாபாரம் பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகளின் கையில் இருந்தது. அந்தக் காடுகளில் மரம் இழுத்தவன் பர்மியக் கூலி. எந்த வெளியில் எந்தத் தடம் எவ்வளவு ஆழம் என்பது அவன் கால் அறிந்த விஷயம். காமிராவுக்குப் புல்தான் தெரியும், பள்ளம் உழைக்கிறவனுக்குத்தான் தெரியும். உழைக்கிறவனின் அறிவை ஒரு பொருட்டாக மதிக்காத கம்பெனி ஆட்சிக்கு அந்தப் பள்ளம் எப்படித் தெரியும்?

அந்த இரவு கிளைடர் ஓட்டி இறக்கியவர்களில் ஜாக்கி கூகன் என்ற நடிகரும் ஒருவர். சார்லி சாப்ளின் 1921-ல் எடுத்த "தி கிட்" படத்தில் நடித்த அந்தச் சின்னப் பையன்தான் அவர். பாலகனாக இருந்தபோது அவர் சம்பாதித்த பணம் முழுவதையும் பெற்ற தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். அந்த வழக்கின் விளைவாகத்தான் குழந்தை நடிகர்களின் சம்பாத்தியத்தைக் காக்க 1939-ல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. பிள்ளையின் உழைப்பைப் பெரியவர்கள் தின்பது எப்படி என்பதை அவர் வீட்டிலேயே பார்த்தவர். இந்த முறை பிள்ளைகளின் உயிரே பந்தயத்தில் இருந்தது.

"படையெடுப்பு வெற்றி பெற்றதே! ஒரு வாரத்துக்குள் ஒன்பதாயிரம் பேருக்கு மேல் உள்ளே கொண்டுபோய்விட்டார்களே!" என்று சாகசக் கதைக்காரர்கள் சொல்லுவார்கள். உண்மைதான். ஆனால் எப்படிக் கொண்டுபோனார்கள்? கிளைடரில் வந்த சிறு புல்டோசர்களை வைத்து, மாண்டவர் நடுவே மிஞ்சிய இஞ்சினியர் படைத் தொழிலாளிகள் ஒரே நாளில் தரையைச் சமப்படுத்தினார்கள். மறுநாள் இரவே எஞ்சின் உள்ள டக்கோட்டாக்கள் அங்கே இறங்கத் தொடங்கின. இரட்டை இழுவையையும் கைவிட்டார்கள். பிப்ரவரி 15-ம் தேதியே கைவிட்டிருக்கலாமே! வெற்றி என்ற சொல்லைச் சொல்லி அந்தப் பத்தொன்பது நாளை மூடி மறைக்க விடமாட்டோம்.

சவப்பெட்டிக் கம்பெனியின் இறக்கை

இனி இந்த கிளைடர்கள் எங்கே செய்யப்பட்டன என்று பார்ப்போம். முதலாளித்துவத்தின் முகம் அங்கேதான் முழுசாகத் தெரியும்.

அமெரிக்காவில் பதினாறு கம்பெனிகளுக்கு வாக்கோ கிளைடர் ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தம் பதின்மூன்றாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டன. விமானம் என்றால் என்னவென்று அறியாதவர்களும் ஒப்பந்தத்தில் கை நனைத்தார்கள். பியானோ செய்கிற கம்பெனி இறக்கை செய்தது. ஊறுகாயும் தக்காளிச் சாறும் விற்கிற ஹெய்ன்ஸ் கம்பெனியும் இறக்கை செய்தது. ஃபோர்டு கம்பெனி ஒரு கிளைடரைச் சுமார் 15,000 டாலருக்குச் செய்து கொடுத்தது. இண்டியானா மாகாணத்தில் நேஷனல் ஏர்கிராஃப்ட் என்ற கம்பெனி ஒரே ஒரு கிளைடரைத்தான் கொடுத்தது. அதற்கு ஆன செலவு 17 லட்சம் டாலருக்கு மேல்! அந்தப் பணத்தில் ஃபோர்டு விலைக்கு நூறு கிளைடருக்கு மேல் வாங்கியிருக்கலாம். ஜனங்களின் வரிப்பணம் கொள்ளை போனது போர்க்களத்தில் அல்ல, ஒப்பந்தக் காகிதத்தில்.

1943 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. செயின்ட் லூயிஸ் நகரத்து விமான நிலையத்தில் ஒரு காட்சி நடந்தது. உள்ளூர் ராபர்ட்சன் கம்பெனி செய்த கிளைடரில் நகர மேயர் வில்லியம் டீ பெக்கரும், கம்பெனித் தலைவர் ராபர்ட்சனும், பிரமுகர்களும் ஏறினார்கள். கீழே பெருங்கூட்டம் வேடிக்கை பார்த்தது. கயிறு கழன்ற சிறிது நேரத்தில் ஒரு பக்கத்து இறக்கை ஒடிந்தது. கிளைடர் கல்லைப் போல விழுந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் மாண்டார்கள்.

விசாரணை நடந்தது. இறக்கையைத் தாங்குகிற ஓர் இரும்புப் பூட்டு இருக்க வேண்டிய கனத்தில் இல்லை. பரிசோதகர்கள் அதைச் சரியென்று கடத்திவிட்டிருந்தார்கள். அந்தப் பாகத்தைச் செய்து கொடுத்த துணை ஒப்பந்தக் கம்பெனி முன்பு என்ன வியாபாரம் செய்துவந்தது தெரியுமா? சவப்பெட்டி வியாபாரம்!

அன்று அந்த கிளைடரில் மேயரும் முதலாளியும் இருந்தார்கள். ஊரே பார்த்தது. அதனால் பூட்டின் கனத்தை அளந்து பார்த்தார்கள். பயிற்சி மைதானத்து இருட்டில் பேர் தெரியாத சிப்பாய் விழுந்திருந்தால் அளந்திருப்பார்களா? சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் "உராய்வினால் விபத்து" என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுகிறார்களே, நமக்குத் தெரியாதா? எவன் வேகப்படுத்தினான், எவன் ஓர் அறையில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் பத்துப் பேரை உட்கார வைத்தான் என்பது கோப்பில் வராது. உராய்வுதான் குற்றவாளி! ஆகாயமானாலும் பட்டாசு அறையானாலும் இந்தப் பித்தலாட்டத்தின் எழுத்து ஒன்றுதான்.

நாலரை மணி நேரப் பயிற்சி

அதே 1943-ல், ஜூலை 9-ம் தேதி இரவு, இத்தாலியின் சிசிலித் தீவின் மேல் 144 கிளைடர்கள் அனுப்பப்பட்டன. பெரும்பாலும் அமெரிக்க வாக்கோக்கள். ஓட்டியவர்கள் பிரிட்டிஷ் விமானிகள். வட ஆப்பிரிக்காவுக்கு கிளைடர்கள் மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தன. பூட்ட ஆளில்லை, விமானிகளே பூட்டினார்கள். பழகிக்கொள்ளக் கிடைத்த நேரம் சராசரி நாலரை மணி. அதில் இரவில் ஓட்டியது ஒன்றே கால் மணிகூட இல்லை. போக வேண்டியதோ இரவில், கடலின் மேல், எதிர்க்காற்றில்!

ஸ்பின்னிங் மில்லில் ஒரு பெண்ணை ரிங் பிரேமில் தனியாக நிறுத்துவதற்கு முன்னால் எத்தனை நாள் பழக்குகிறார்கள்? நூல் அறுந்தால் முடிந்துகொள்ளலாம். இங்கே அறுந்தால் கடல்.

இழுத்துப்போன விமானங்களை ஓட்டியவர்களுக்கும் அனுபவம் போதாது. கரையிலிருந்து குண்டுகள் பறந்து வந்ததும் தூரத்திலேயே கயிற்றை விட்டுவிட்டார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. ஏறத்தாழ 250 பேர் எதிரியைக் காணாமலே மூழ்கி மாண்டார்கள். இது விதியா? கடலின் குற்றமா, காற்றின் குற்றமா? நாலரை மணி போதும் என்று கையெழுத்துப் போட்டவனின் குற்றமா?

கூலிக் கதையையும் கேளுங்கள். அமெரிக்கப் படையில் பாராசூட்டில் குதிக்கிற சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 50 டாலர் அபாயப்படி கொடுத்தார்கள். அவன் தானாக முன்வந்து சேர்ந்தவன். கிளைடரில் போகிறவனை யாரும் கேட்கவில்லை, உத்தரவு போட்டு ஏற்றினார்கள். அபாயப்படி ஒரு செல்லாக்காசு கிடையாது. கைகால் ஒடிந்து கிடந்த சிப்பாய்கள் முகாம்களில் கேலிச் சுவரொட்டி எழுதி ஒட்டினார்கள்: பறக்கும் படியும் இல்லை, குதிக்கும் படியும் இல்லை, ஆனால் பொழுது போகாமல் ஒரு நிமிஷமும் இருக்காது என்று! 1944 ஜூலையில்தான், பிரான்சில் நார்மண்டி இறக்கத்தில் பலர் மாண்ட பிறகுதான், படி வந்தது. கேட்காமல் கிடைக்காது, கேட்டாலும் பிணம் விழாமல் கிடைக்காது. இது பட்டாளத்தின் விதி மட்டுமா? ஆலையின் விதியும் இதுதானே.

நியாயமான யுத்தம்தானே என்பவர்களுக்கு

"ஹிட்லரையும் ஜப்பானியப் பாசிசத்தையும் எதிர்த்த யுத்தமாயிற்றே, அதில் உயிர்ச் சேதம் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

பாசிசம் முறியடிக்கப்பட வேண்டியது என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. சோவியத் மக்கள் இரண்டு கோடியே எழுபது லட்சம் உயிரைப் பலி கொடுத்து அதை முறியடித்தார்கள். அவர்களும் கிளைடர் ஓட்டினார்கள். ஹிட்லரின் படைக்குப் பின்னால் பைலோ-ரஷ்யக் காடுகளில் போராடிய கெரில்லாக்களுக்கு, மரங்களின் நடுவே மூட்டிய தீயை அடையாளம் வைத்து, இரவில் கிளைடரில் மருந்தும் ஆயுதமும் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களிலும் பலர் மாண்டார்கள். நியாயமான காரியத்துக்கு உயிரைக் கொடுக்கத் துணிந்தவனை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம்.

ஆனால் காரியம் நியாயமானது என்பதாலேயே அந்த உயிரின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அவனுக்குக் கனம் குறைந்த பூட்டைக் கொடுத்தவன் யாருக்கு உதவி செய்தான்? ஹிட்லருக்குத்தான். நாலரை மணி நேரப் பயிற்சியோடு கடலில் தள்ளியவன் யாருடைய வேலையைச் செய்தான்? எதிரியின் வேலையைத்தான். நியாயமான யுத்தம் என்ற திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு லாப வேட்டை ஆடியவர்களைச் சுட்டிக் காட்டுவது யுத்தத்துக்குத் துரோகம் ஆகாது.

நியாயம் பேசிய அதே பிரிட்டிஷ் சர்க்கார் நம் மக்களுக்கு என்ன நியாயம் செய்தது? 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது, அங்கே துறைமுகத்திலும் அரிசி ஆலையிலும் வயலிலும் உழைத்த தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளும் லட்சக்கணக்கில் கால்நடையாகப் புறப்பட்டார்கள். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தது வெள்ளையருக்கும் பணக்காரருக்கும். ஏழைக்குக் கிடைத்தது மலைப்பாதை. பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டார்கள். இரண்டே வருஷம் கழித்து அந்த மலைகளின் மேல் கிளைடர் பறந்தது. சிப்பாயை உள்ளே கொண்டுபோக நைலான் கயிறு இருந்தது. உழைப்பாளியை வெளியே கொண்டுவர ஒரு மூங்கில் டோலி இல்லை! 1943-ல் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். யுத்தச் செலவுக்கு நோட்டு அடித்துத் தள்ளினார்கள், விலைவாசி வானத்துக்கு ஏறியது, அரிசி பதுங்கியது. இந்திய உழைப்பாளியின் வயிற்றில் அடித்த காசும் அந்த யுத்தச் செலவில் சேர்ந்திருந்தது.

வெள்ளைக்காரன் போன பிறகு

வெள்ளைக்காரன் போய்விட்டான், இனி அப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடந்தது.

நம் விமானப் படையின் இளம் விமானிகளுக்கு, மெதுவான பயிற்சி விமானத்துக்கும் வேகமான மிக்-21 போர் விமானத்துக்கும் நடுவே பழகிக்கொள்ள ஒரு நவீன பயிற்சி விமானம் வேண்டும் என்று லாஃபோன்டேன் கமிட்டி 1982-ல் சிபாரிசு செய்தது. கோப்பு டில்லியில் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தது. மந்திரி சபைகள் மாறின. ஹாக் என்ற பயிற்சி விமானத்துக்கு ஒப்பந்தம் ஆனது 2004-ல். இருபத்திரண்டு வருஷம்! அந்த இருபத்திரண்டு வருஷமும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நடுப்படி இல்லாத ஏணியில் தாவி ஏறினார்கள்.

மிக் ரக விமானங்கள் 872 வாங்கப்பட்டதில் பாதிக்கு மேல் விழுந்துவிட்டன, 171 விமானிகள் மாண்டார்கள் என்று 2012-ல் பாதுகாப்பு மந்திரி அந்தோணியே பார்லிமெண்டில் கணக்குக் கொடுத்தார். மிக்-21-ஐப் பத்திரிகைகள் பறக்கும் சவப்பெட்டி என்று எழுதின. 2025 செப்டம்பரில் அதற்கு ஓய்வு கொடுத்து விழாவும் எடுத்தார்கள். விமானத்துக்குப் பட்டம் சூட்டியவர்கள், பயிற்சி விமானக் கோப்பை இருபத்திரண்டு வருஷம் தூங்க வைத்தவர்களுக்கு என்ன பட்டம் சூட்டினார்கள்?

2022 ஜூனில் மோடி சர்க்கார் அக்னிபத் என்ற திட்டத்தை அறிவித்தது. சிப்பாய்க்கு வேலை நான்கே வருஷம். பயிற்சிக் காலமும் அந்த நான்கு வருஷத்துக்குள் அடக்கம். முடிந்ததும் நூற்றில் 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளமாட்டார்கள். மற்றவர்கள் சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதிலும் ஒரு பங்கு அவன் சம்பளத்திலிருந்தே பிடித்த பணம். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை.

மில் தோழர்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பெண்பிள்ளைகளை மூன்று வருஷ அப்ரண்டிசாக ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்களில் அடைத்து, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று ஆசை காட்டினார்களே, அதே சரக்குதான் சீருடை போட்டு வருகிறது. அங்கே நிரந்தரத் தொழிலாளி என்ற பேச்சையே ஒழித்தார்கள். இங்கே நிரந்தரச் சிப்பாய் என்ற பேச்சைக் குறைக்கிறார்கள். கிளைடரைப் பல இடங்களில் ஒரு தடவை இறக்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். மனிதனையும் அப்படிப் போட்டுவிட்டுப் போகலாம் என்பதுதான் இந்தக் கணக்கு.

கான்சாபுரம் என்று சொல்லும்போதே மதுரைச் சீமையில் கான்சாகிபு நினைவு வரும். யூசுப் கான் என்ற அந்த மனிதன் கும்பினியின் சிப்பாய்த் தளபதி. பூலித்தேவனின் நெற்கட்டும்செவலைக் கும்பினிக்காக அடித்தவன். வேலை முடிந்து, அவன் தன் காலில் நிற்கத் தொடங்கியதும், நவாபும் கும்பினியும் சேர்ந்து 1764 அக்டோபர் 15-ல் அவனைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். சிப்பாயைப் பயன்படுத்திவிட்டு எறிவது அன்று முதல் நடக்கிற வழக்கம்.

நாம் கேட்பது

நம் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாட்டைக் காக்கும் வேலை கௌரவமான வேலை. அந்தக் கௌரவத்தை மேடைப் பேச்சில் கொடுத்தால் போதாது, கணக்கில் கொடுக்க வேண்டும். கேட்க வேண்டியது இவ்வளவே:

ஒன்று. பயிற்சி முழுமையாக நடக்க வேண்டும். நாளையும் விமானத்தையும் கருவியையும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இரண்டு. பயிற்சியில் நடக்கும் ஒவ்வொரு சாவுக்கும் விசாரணை நடந்து, முடிவு பார்லிமெண்டின் முன் வைக்கப்பட வேண்டும். ராணுவ ரகசியம் என்ற பூட்டைப் போட்டுத் திருட்டை மறைக்கக் கூடாது.

மூன்று. மட்டமான பாகம் கொடுத்த காண்டிராக்டருக்கும், அதைச் சரியென்று கடத்திய அதிகாரிக்கும் தண்டனை வேண்டும்.

நான்கு. நான்கு வருஷ ஒப்பந்தச் சிப்பாய் முறையை ஒழித்து, நிரந்தர வேலையும் பென்ஷனும் கொடுக்க வேண்டும். பயிற்சியில் மாண்டவனின் குடும்பத்துக்குப் போரில் மாண்டவனின் குடும்பத்துக்குள்ள அதே உரிமை வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. எந்த நாட்டு முதலாளிக்காகவும் எந்த நாட்டுத் தொழிலாளியும் இன்னொரு நாட்டுத் தொழிலாளியின் மேல் ஏவப்படாத சமாதானம் வேண்டும்.

சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மில் கேட்டில் பேசுங்கள். களத்து மேட்டில் பேசுங்கள். விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பழகுகிற அந்தப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, லாலாகாட்டின் ஏழு பேரைப் பற்றிச் சொல்லுங்கள். ஓடாதே என்று தடுக்க வேண்டாம். தன்னை ஏற்றுகிற வண்டியின் கயிற்றைச் சோதித்துப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு, அந்த உரிமைக்காகப் போராட அவன் பின்னால் தொழிலாளி வர்க்கம் நிற்கிறது என்று சொல்லுங்கள்.